கடலுக்குள் ஒரு பார்

ஜூன் 3, செவ்வாய்
‘துறைமுகம் 2060’ வரைபடம் பத்தாவது தடவையாக மாறிவிட்டது. ஆளில்லாக் கப்பல், தானாக நகரும் கிரேன் எல்லாம் வரைந்தாயிற்று. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து வரையும் எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூடக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

ஜூன் 11, புதன்
கடற்கரை ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம். கப்பல் வழிக்காகக் கடலைத் தோண்டப்போகும் கோட்டைக் காட்டினேன். மீன்பிடிக்கும் ரேமண்ட் எழுந்தார். “சார், நீங்க கோடு போட்ட எடத்துல பாரு கெடக்கு. எங்க ஊரு சோறு திங்கிறதே அதாலதான். அதுல மட்டும் கைய வச்சிராதிய.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நான் எங்கள் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கச் செயலாளர். ஒரு ஊரே பாரை நம்பிப் பிழைக்கிறதா! பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்: ‘வழியில் பார் உள்ளது. அகற்ற மக்கள் எதிர்ப்பு.’

ஜூன் 12
மேலதிகாரி ரிச்சர்ட் சார் படித்தார். கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளிப் பார் எப்படி என்று அவருக்கும் சந்தேகம். அவரே தீர்த்தும் வைத்தார். “மிதக்குற பாரா இருக்கும்வே. வெளிநாட்டுல உண்டு.”

லைசென்ஸ் எண் கேட்கச் சொன்னார்.

ஜூன் 13
ரேமண்டுக்குப் போன் செய்தேன். அவர் சிரித்து முடிக்க ரெண்டு நிமிஷம் ஆயிற்று. “ஐயோ சார், குடிக்கிற பாரு இல்ல. கடலுக்கடியில கெடக்க பாறைத் திட்டத்தான் நாங்க பாருன்னு சொல்லுவோம். மீனு அங்கனதான் அடையும்.” பிறகு சிரிப்பு நின்றது. “அத ஒடச்சிட்டா நாங்க எங்க போவோம்?”

சீ! நானெல்லாம் ஒரு ஆளா? திங்கட்கிழமை முதல் வேலை, திருத்துவது.

ஜூன் 16
ரிச்சர்ட் சாரிடம் பைய ஆரம்பித்தேன். “சார், ஒருவேளை அது பாறையா இருந்தா?”

“வெடி வச்சு எடுத்துருவோம்.”

“பாரா இருந்தா?”

பேனாவை மூடினார். “யார் பாரோ, எந்தப் பெரிய ஆளோ! நமக்கு எதுக்குவே வம்பு? கோட்ட வளச்சுப் போடும்.”

திருத்தும் வேலையை அத்தோடு விட்டேன். கோட்டை வளைத்தேன்.

ஜூலை 2
வரைபடத்தின் அடியில்: ‘தற்போதுள்ள பார் – 1. நேரில் சரிபார்த்தவர்: எபனேசர்.’ என் மனைவி சாலோமி பார்த்துவிட்டாள். “சங்கத்துல என்ன பதில் சொல்லப்போறிய?”

பாறை என்று சொன்னால் அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 20
செயலாளர் பதவி போய்ப் பத்து நாளாகிறது. சபையில் பலர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வலிக்கத்தான் செய்கிறது.

மேலிடத்து ஒப்புதல் இன்று வந்தது. ஒரே ஒரு திருத்தம்: ‘எதிர்காலத் தேவை கருதி, பார்களின் எண்ணிக்கையை இரண்டாக்கவும்.’

ரேமண்டைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“தெக்க இன்னொரு பாரும் கெடக்கு சார்.”

சரிபார்த்தவர் என்ற இடத்தில் மறுபடியும் கையெழுத்துப் போட்டேன்.