மைக் ஓட்டை, லைன் ஓட்டை

டிசம்பர் 1, திங்கள்

காலையிலிருந்து சாரல். போடி மலை தெரியவே இல்லை. கடையில் ஏலக்காய் ஈரம் கோத்துவிடும் என்று அப்பாவுக்குக் கவலை. எனக்கு வேறு கவலை.

14-ம் தேதி ஞாயிறு, சபையில் கிறிஸ்துமஸ் கேசட் பதிவு. ஐந்து பாட்டு. நாலாவது, மேய்ப்பன் பாட்டு, என் மெட்டு. டேப்ரெக்கார்டர், பாடகர் குழுத் தலைவர் தாசன் அண்ணனுடையது. அவர் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. பெட்டி அவருடையது, அதனால் சட்டமும் அவருடையது. (அந்தப் பெயரை முழுசாக எழுதினால் மை வீண். இனி தா.)

போன வருஷக் கேசட்டில் ஹார்மோனியம் இருக்கிறது, தபேலா இருக்கிறது, யாரோ இருமியதுகூட இருக்கிறது. என் கிதார் இல்லை. என்னை வாசற்படி ஓரம் நிறுத்தினால் எப்படி இருக்கும்? உத்தமபாளையம் சித்தி கேட்டுவிட்டு, "ஏன் எஸ்தரு, அன்னிக்கு நீ வரலையா?" என்றாள். இன்னும் ஆறவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

தலைக்குக் குளிக்கவில்லை, சளி. தா. ஜவுளிக்கடையில் இருந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம், அக்கா, பெட்டியைத் திறந்துவிட்டுக் குழம்பு வைக்கப் போய்விட்டாள். கிதார் வயரைச் சொருகிச் சொருகிப் பார்த்தது:

லைன் ஓட்டை: கொசு ரீங்காரம். வீண்.

மைக் ஓட்டை: கணீர். ஆனால் வயர் உள்ளே போனதும் பெட்டிக்குள் இருக்கும் மைக் அணைந்துவிடுகிறது. பாடுகிறவர்கள் கதி அதோகதி.

ஆகவே மிக்சர் பெட்டி. பாட்டுக்குத் தனி மைக், கிதாருக்குத் தனி வயர், இரண்டும் அதில் கலந்து மைக் ஓட்டைக்கு. தேனி ரேடியோ கடையில் வாடகைக்குத் தருகிறார்கள். இதுதான் வழி.

அக்கா கொடுத்த மொச்சைக் குழம்பில் உப்பு ஜாஸ்தி.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் தா.விடம் சொன்னேன்.

"எதுக்குத்தா மிக்சரு? கிதாரு சும்மா தாளத்துக்குத்தான. பாட்டு கேட்டாப் போதும், நரம்பு கேக்க வேணாம்."

கேசட் அட்டையை அதற்குள் எழுதி வைத்துவிட்டார். ஐந்து பாட்டுக்கும் சேர்த்து 'இசை: தாசன்'. நாலாவது என் மெட்டு இல்லையா அண்ணே என்றேன்.

"சபைக்குச் செஞ்சது. இதுல நீ என்ன, நான் என்ன?"

வித்தியாசம் இல்லையென்றால் என் பேரைப் போட வேண்டியதுதானே! பிரசங்கம் முழுக்கத் தாழ்மை பற்றி. அவருக்குக் காதில் விழவில்லை போல.

போதகர் வீட்டில் அவர் மனைவி ஐயரம்மா பிரசங்கக் கேசட்டுகளின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் கத்தியால் பெயர்த்துக்கொண்டிருந்தார். "இல்லாட்டி பயலுக சினிமாப் பாட்டப் பதிஞ்சிருவானுகத்தா. பல்லு போயிட்டா மேல பதிய முடியாது."

டிசம்பர் 14, ஞாயிறு

கோபம். வரிசையாக எழுதுகிறேன்.

பதிவு தொடங்கும்போது கிதார் ஆம்ப்ளிஃபயர் ஒரே உறுமல். தா. வயரை அதிலிருந்து பிடுங்கி நேரே மைக் ஓட்டையில் செருகினார். "பாட்டுக்கு உள்ள இருக்க மைக்கு, கிதாருக்கு இந்த ஓட்ட. எதுக்கு மிக்சரு?"

"அண்ணே, அதுல சொருகுனா உள்மைக்கு..."

"ஏத்தா, எம் பெட்டியப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சரி, நான் வாயை மூடிக்கொண்டேன். சோதனைக்கு என்னை மட்டும் வாசிக்கச் சொல்லிப் போட்டுக் கேட்டார். கணீர். "பாத்தியா!" ஐந்து பாட்டும் ஒரே மூச்சில். தொண்டை கிழியப் பாடினார்கள், பாவம்.

போட்டால், கிதார். கிதார் மட்டும். "நான் எங்கன?" என்றாள் முதல் வரிசை ஸ்டெல்லா.

தா. என்னைப் பார்த்து: "முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான!"

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

அதற்குள் நாலாவது பாட்டு வந்துவிட்டது. குரல் இல்லாமல் மெட்டு மட்டும், முதலிலிருந்து கடைசி வரை. ஐயரம்மா, "இது யாரு போட்ட மெட்டு?" என்றார். தா. மின்விசிறியைப் பார்த்தார்.

"என்னுது" என்றேன்.

ஒரு நிமிஷம்தான். உடனே தா.: "அடுத்த ஞாயிறு இதுமேலயே பதிஞ்சிருவோம். டேப்பு தளந்திருக்கு, பென்சில் போட்டுச் சுத்திக் கொண்டாத்தா." இந்த வேலைக்கு மட்டும் எஸ்தர் வேண்டும்.

டிசம்பர் 18, வியாழன்

வெயில். சளி தேவலை. மிக்சர் வந்துவிட்டது! தா.வே தேனிக்குப் போய் எடுத்துவந்தாராம். தன் யோசனை என்று பஜார் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறார். வெட்கம், மானம் ஒன்றும் கிடையாது.

அழிக்கப்போகிறார்கள். என் விரல் வாசித்ததை, நானே சுத்திக் கொடுத்து.

வாங்க வேண்டியது: சோப்பு, அப்பாவுக்குத் தைலம், புதுக் கேசட் 1.

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் காய் நறுக்கும் கத்தி. இரண்டு பல். டக், டக்.

சபையில் தா. பழைய கேசட்டைப் போட்டு ரெக்கார்டு பட்டனை அமுக்கினார். அமுங்கவில்லை. மறுபடி. "என்னத்தா இது, எறங்க மாட்டேங்குது?"

"அது பதிஞ்சு முடிஞ்சதுண்ணே. எனக்கு வேணும். இந்தாங்க, புதுசு."

அட்டை நானே எழுதியது. 'நாலாவது பாட்டு, மெட்டு: எஸ்தர்.' வாசித்தார். வாயைத் திறந்தார். ஐயரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தா. புதுக் கேசட்டைப் போட்டார்.