பதினோரு மணிக்குப் பார்த்த கழிப்பறை

ஜூலை 9, செவ்வாய்.

தூக்கம் வரவில்லை. போன வருடத் தணிக்கையில், வல்லக்கோட்டை போகும் வழியில் பஸ் ஸ்டாப் அருகே ஊராட்சி கட்டிய பெண்கள் கழிப்பறையைப் பார்க்கப் போனேன். காலை பதினோரு மணி. அங்கே ஈ காக்கை இல்லை. ‘பயன்பாடு இல்லை, வீண் செலவு’ என்று குறிப்பெழுதினேன். அந்தக் குறிப்பைக் காட்டிக் கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள்.

இன்று வேறு வேலையாகப் போனவன், மதியம் இரண்டரைக்கு அதே ஸ்டாப்பில் நின்றேன். கம்பெனி பஸ்கள் வந்து முதல் ஷிப்ட் முடிந்த பெண்களை இறக்கிவிட்டன. நாலைந்து பேர் பூட்டிய கதவைத் தாண்டி, பின்னால் இருந்த முள்காட்டுக்குள் போனார்கள். ஒருத்தி துப்பட்டாவை விரித்து மறைத்துப் பிடித்தாள்.

டீக்கடை அம்மா கிளாஸை நீட்டிக்கொண்டே சொன்னார்: “எவனோ ஆபீசர் பதினோரு மணிக்கு வந்து, யாரும் வர்றதில்லன்னு எழுதிக்கினு போய்ட்டான் சார். அந்நேரம் பொண்ணுங்க எல்லாம் கம்பெனி உள்ள மெஷின் லைன்ல நின்னு வேல செஞ்சிகினு இருப்பாங்க. இங்க யாரு வருவாங்க?”

கிளாஸை வாங்கிக்கொண்டேன். வேலைக்குப் புதிது போல ஒரு பெண், தெற்கத்திப் பேச்சு, என்னிடம் வந்து கேட்டாள்.

“அண்ணாச்சி, இதுக்குச் சாவி யார்ட்ட இருக்கு?”

“தெரியலையேம்மா” என்றேன்.