கழுத்தில்லாத கரடியம்மா

பிப்ரவரி 9

என் அக்காவுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ கேட்கும் முன்பே சொல்லியாயிற்று.

"நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி என்னடா கிழிக்கிறே?" என்று கேட்டிருந்தாய். ஒரு கரடியைத் திரும்பிப் பார்க்க வைக்கிறேன். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் தொடர். கரடியம்மா கடை வைத்திருக்கிறாள், யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். கண், மூக்கு, காது எல்லாம் தனித்தனியாக வரைந்த தட்டைப் படங்கள். அவற்றுக்குள் எலும்பு வைப்போம். எலும்பை அசைத்தால் அதனோடு கட்டிய படமும் அசையும். இருபத்து மூன்று நாளாக இதே வேலை. முகம் மட்டும் திரும்பும் வீடியோவை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

உன் வாலு

பிப்ரவரி 20

அடே வாலு,

காகிதப் படத்துக்கு எலும்பாம், யார் காதில் பூ சுற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தேன். மருந்துக்கடையில் கூட்டமில்லாத நேரம். மூக்கு ஒரு விரல் நகர்ந்தது. அந்தப் பக்கத்துக் கண் கொஞ்சம் ஒடுங்கியது. ஒரு காது தலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நடந்தது அவ்வளவுதான், ஆனால் முகம் உருண்டையாகிவிட்டது. நான் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேனடா. முதலாளி, "என்னம்மா தேடுறீங்க?" என்றார். "கரடியோட பின்மண்டையை" என்றேன்.

மெய்சிலிர்த்துப் போனேன், பொய்யில்லை. ஒன்பது தடவை பார்த்தேன்.

கரடியைத் திருப்பத் தெரிந்தவனுக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. போனில் பேசினால் "சரி, வைக்கிறேன்" என்று ஓடிவிடுகிறாய், அதனால்தான் காகிதம்.

அக்கா

மார்ச் 6

அக்கா,

கரடியின் முழு உடம்பையும் கட்டினேன். தலையெலும்பைக் கழுத்தோடு கட்ட வேண்டும், கழுத்தைத் தோளோடு. அவசரத்தில் கழுத்தை விட்டுவிட்டுத் தலையை நேராகத் தோளில் கட்டிவிட்டேன். ஓட விட்டுப் பார்த்தேன். கரடியம்மா முதலில் கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு தோள், இடுப்பு, கால். கடைசியில்தான் முகம் முழுசாக இந்தப் பக்கம் வந்தது.

அக்கா, அது நீ. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மருந்து அலமாரியிலிருந்து கவுன்ட்டர் பக்கம் நீ திரும்புவது அப்படியே அந்தத் திரையில் இருந்தது.

இயக்குநர் அம்மா பார்த்துவிட்டு, "இதை யாரும் தொடாதீங்க. இவ உசிரோட இருக்கா" என்றார்.

விபத்தன்றைக்கு ஸ்கூட்டரை ஓட்டியவன் நான். உன் கழுத்து அசையாமல் போனது என்னால். அதையே ஊருக்குக் காட்டி நான் பேர் வாங்குவதா? வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது, கழுத்தை வைத்துவிடுகிறேன். பதினாறாம் தேதி கொடுத்தாக வேண்டும். இந்த வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன்.

வாலு

மார்ச் 12

என் தம்பிக்கு,

போயும் போயும் கரடியா? ஒரு மான் கிடைக்கவில்லையா உனக்கு?

பார்த்தேன். நான் திரும்புவது மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி இருக்கும் என்றே ஆறு வருஷமாக நினைத்திருந்தேன். ஆள் இருந்தால் திரும்பவே கூசும். இவள் திரும்புகிறாளே, கூப்பிட்டவருக்குத் தன்னை முழுசாகக் கொடுக்கிறாள். இவ்வளவு அழகா இது? முதலாளியிடம் காட்டினேன். "உங்களை மாதிரியே இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான்தான்" என்றேன்.

கழுத்து வைக்காதே.

ஒன்று சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகு நீ என் எதிரில் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் பக்கத்தில், சற்றுப் பின்னால். நான் உடம்பெல்லாம் சேர்த்துத் திரும்பி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவாய். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பயம் என்று இப்போதுதான் புரிகிறது. பின்னாலிருந்தே இவ்வளவையும் பார்த்து வைத்திருக்கிறாயே, பாவி. எனக்கும் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் வருஷம் நிறையவே இருந்தது. இப்போது இல்லை.

உன் கரடி திரும்பி முடித்துச் சிரிக்கிறாள். அவள் எதிரே யாரும் இல்லை.

பதினாறாம் தேதி வேலையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வா. என் எதிரில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அக்கா