யார் கை முழம்

கோட்டையூர்
பிரபவ வருஷம் ஆனி மாதம் 12ந் தேதி

என் மகன் சிரஞ்சீவி உடையப்பனுக்குத் தகப்பன் ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் ஆத்தாளும் மாடுகளும் சுகம். ரங்கூனில் நீ நான்காம் மாடியில் சுகமாயிருக்கவும், இறங்கி வந்தால் கீழேயும் சுகமாயிருக்கவும் ஐயனாரை வேண்டிக்கொள்கிறோம்.

சித்திரையில் நீ போட்ட கடிதத்தில் அரிசி மண்டியில் வேலை அதிகம், பக்கத்துக் கட்டிடம் எரிந்துபோயிற்று, ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய். ஊறுகாய் போட்டாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து உன் ஆத்தாளுக்குச் சரியான உறக்கம் இல்லை, எனக்கும் இல்லை. உங்கள் கட்டிடத்துக்கு இருப்பது ஒரே மரப்படி, தீ வந்தால் அதுதான் முதலில் எரியும். பக்கத்து மாடிக்குத் தாண்டிவிடலாம் என்று அடுத்த கடிதத்தில் நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை, நீ வாய்க்கால் தாண்டி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஜன்னலின் உயரம் கேட்டேன். நூல் விட்டுப் பார்த்து இருபத்தெட்டு முழம் என்று எழுதினாய், நம் கிணற்று ஆழமும் ஏறக்குறைய அதுதான். தேங்காய் நாரில் அந்த அளவுக்குக் கயிறு திரித்து, கிணற்றோரப் பூவரசில் கட்டி நானே இறங்கிப் பார்த்தேன். பாதியில் உள்ளங்கை உரிந்துவிட்டது, ஆகவே இப்போது முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறேன். அந்த வழியாகப் போன உன் மாமன் செம்மலை எட்டிப் பார்த்து, மாப்பிள்ளை, என்னத்தப் போட்டுட்டுத் தேடுறீக என்று கேட்டார். ரங்கூனில் தீப்பிடித்தால் இறங்குவதற்கு என்றேன். அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். மேலே நின்ற உன் ஆத்தாள்தான், முழமுன்னு எழுதியிருக்கானே, அது யாரு கை முழம் என்றாள். தொங்கிக்கொண்டே யோசித்தேன். நான் அளந்தது என் கையால், நீ அளந்தது உன் கையால். கப்பலேறும்போது உனக்குப் பதினேழு வயது, என் தோளுக்கு இருந்தாய், ஆறு வருஷம் ஆகிவிட்டது. உன் கை இப்போது என் கையைவிட இரண்டு விரற்கடை நீண்டிருந்தால்கூட கயிறு தரைக்கு இரண்டு முழத்துக்கு மேலேயே நின்றுவிடும். பெற்ற பிள்ளையின் கை நீளம் எனக்குத் தெரியாது என்பது கிணற்றுக்குள் வைத்துத்தான் தெரிந்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

கயிறு அடுத்த கப்பலில் நம்மூர்ச் சின்னக்கருப்பன் கையில் வருகிறது. ஊறுகாய் ஜாடி கயிற்றுச் சுருளுக்குள் இருக்கிறது, பார்த்துப் பிரி. கயிற்றைக் கட்டிலில் கட்டாதே, கட்டிலும் கூடவே வரும், தூணில் கட்டு. வேட்டி காயப்போட அதை வெட்டாதே. பெட்டியை எடுக்கத் திரும்பிப் போகாதே. அறையில் ஆறு பேர் இருக்கிறீர்கள், முதல் ஆளாக இறங்குவது மரியாதை இல்லை, கடைசியாக இறங்குகிறேன் என்று பெருந்தன்மையும் காட்டாதே, இரண்டாவதாக இறங்கு.

கை கால் முழுசாக, நீண்ட ஆயுளோடு இரு. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு நூலை அளந்து வெட்டி, பதில் கடிதத்துக்குள் வைத்து அனுப்ப மறக்காதே. கயிற்றில் எட்டு முழம் கூட்டியே திரித்துவிட்டேன், ஆகையால் அதற்கு அந்த நூல் வேண்டியதில்லை. ஆனாலும் அனுப்பு. உன் ஆத்தாள் கேட்கிறாள், நானும் கேட்கிறேன்.

இப்படிக்கு
உன் தகப்பன்
குருநாதன்