சிவக்காத தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முதுகுவலி எப்படி இருக்கிறது? தையல் மிஷினை விட்டு அவ்வப்போது எழுந்து நடக்கிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்பா, என் ஆராய்ச்சி பலித்துவிட்டது! கொழுப்புச் செல்லாக மாறக்கூடிய இளம் செல்களை இரண்டு தட்டுகளில் வளர்த்து வந்தேன். நான் சாப்பிட மறந்த நாளிலும் வேளை தவறாமல் அவற்றுக்குச் சாப்பாடு போட்டேன். ஒரு தட்டில் மட்டும் சோயாவிலிருந்து பிரித்தெடுத்த பொருளைச் சேர்த்தேன். நேற்று இரண்டிலும் சிவப்புச் சாயம் ஊற்றினேன். அது கொழுப்பில்தான் ஒட்டும். ஒரு தட்டு செக்கச்செவேலென்று ஆனது. சோயாத் தட்டு வெளுத்தே கிடந்தது. சாயம் மட்டம் என்று திட்டிக்கொண்டே மறுபடி மறுபடி ஊற்றினேன். எங்கள் பேராசிரியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சாயத்த ஏம்மா திட்டுற? ஒட்டுறதுக்கு அங்க கொழுப்பே இல்லையே! சோயா தடுத்துடுச்சு!"

நான் குதித்த குதியில் ஸ்டூல் கவிழ்ந்து விழுந்தேன். அடியெல்லாம் ஒன்றுமில்லை. அம்மாவைச் சோயா வாங்க ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். தட்டில் நடந்தது உடம்பிலும் நடக்குமா என்று இன்னும் தெரியாது.

அடுத்த சுடிதாரை இடுப்பில் இரண்டு விரல் பிடித்துத் தையுங்கள். ஏன் என்று அம்மா கேட்டால் மட்டும், சோயாதான் காரணம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் சின்னவள்