ஒரே பட்டனில் சுகமாகாது

8 ஜூலை, செவ்வாய்

டார்னெய்ட். இங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம். கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி. "சுடுதண்ணி ஊத்தாதையும், வெடிக்கும்!" என்று என் கணவர் சுதன் கத்தினார். ஊற்றினேன். வெடிக்கவில்லை.

அலுவலகத்தில் கூட்டம். நாங்கள் செய்யும் வீடியோ கேமில் ஒரு வைத்தியச்சி ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறாள். எந்த மூலிகையோடு எது சேரும், எது ஆளையே கொல்லும், அந்த விதிகள் எல்லாம் என் வேலை. கம்ப்யூட்டரில் ஆடியவர்களுக்குப் பிடித்திருக்கிறது. டிவியில் மாட்டி ஆடும் கன்சோலில், அவரவர் வீட்டில் ஆடிப் பார்த்தவர்கள் பாதியில் விட்டுவிட்டார்களாம். "ஒரே குழப்பம்" என்று எழுதியிருக்கிறார்கள். மேலாளர் கிரெக்: "சோபாவில் சாய்ந்திருப்பவன் யோசிக்க வரவில்லை. விதிகளை வெட்டு. ஒரே பட்டன், அமுக்கினால் சுகம். திங்கள் மதியத்துக்குள்."

சாய்ந்தால் மூளையும் சாய்ந்துவிடுமா? எங்கள் வீட்டில் எல்லாரும் சோபாவில்தான் ஆடுகிறோம். தலையாட்டிவிட்டு வந்தேன். என் விசா இந்த அலுவலகத்தின் கையில்.

வாங்க: பால். கறிவேப்பிலை. மச்சாளுக்கு இருமல் மருந்து.

9, புதன்

மழை. ஒரு மூலிகையை வெட்டினேன். திரும்ப ஒட்டினேன். அவ்வளவுதான் இன்றைய வேலை. சம்பளம் வாங்க வெட்கமில்லை.

12, சனி

கிரெக்கிடம் கேட்டு, கன்சோல் பிரதியை வீட்டு டிவியில் போட்டேன். மச்சாள், சுதனின் அக்கா, ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வந்த கையோடு கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார். வழக்கம்போல.

கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய் டிவிக்கு முன்னால் நின்றார். வந்து இருந்தார். திரும்பவும் எழும்பினார்.

"வாணி, இதை ஆர் எழுதினது, எறும்போ?"

வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் சோபா டிவிக்கு எதிர்ச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆட்கள் வந்தால் நடுவில் பாய் விரிக்க இடம் வேண்டுமே. அலுவலகத்திலோ கன்சோலையும் மேசை மானிட்டரில் மாட்டி, ஒரு முழம் தள்ளி இருந்து செய்தோம். நானும்தான். தள்ளிப் போய்ப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆடியவர்களுக்கு விதி குழம்பவில்லை. விதியை வாசிக்கவே முடியவில்லை!

எழுத்தைப் பெரிதாக்கினேன். மச்சாள் சாய்ந்தபடியே மூன்று நோயாளிகளைக் கொன்றார்.

"ஒரே பட்டன் வைக்கச் சொல்லுகினம், மச்சாள்."

"விசரோ அவைக்கு? பட்டனே சுகமாக்கினா நான் என்னத்துக்கு? போம், தேத்தண்ணி போடும்."

நாலாவது ஆள் பிழைத்தான். மச்சாள் போட்ட கூச்சலில் சுதன் குசினியிலிருந்து ஓடிவந்தார், கையில் கரண்டியோடு.

14, திங்கள்

குளிர். ரயில் தாமதம்.

பெரிய டிவியை அறையின் ஒரு மூலையிலும் கிரெக்கை மறு மூலையிலும் வைத்து, பழைய பிரதியைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கினார். புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"சரி, எழுத்தைப் பெரிதாக்கு. விதியையும் வெட்டு. மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது."

"காரணம் பிழை என்று தெரிந்த பிறகுமா?"

"வாணி, உனக்கு இந்த வேலை வேண்டும்தானே?"

வேண்டும். நன்றாகவே வேண்டும். ஆனாலும் எழுத்தை மட்டும் பெரிதாக்கி, ஒரு மூலிகைகூடக் குறையாமல் அனுப்பினேன்.

மதியம் கிரெக் என் மேசைக்கே வந்து நின்றார்.

"வெட்டிவிட்டாயா?"

"இல்லை."

"என் அறைக்கு வா. இப்போதே."

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். புட்டும் நண்டுக் கறியும். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.