துணைத்தலைப்பு இல்லாத பக்கம்

செவ்வாய்க்கிழமை.

மீனவர் சங்கத்துக்கு நான் செய்துகொடுத்த இணையப் பக்கத்தில் முதலுதவிக் குறிப்புகள் துணைத்தலைப்பு எதுவுமின்றி ஒரே நீளமாகக் கிடந்தன. ஞாயிறன்று நிலாவெளிக் கடலில் படகு எஞ்சினின் விசிறி தன் தம்பியின் தொடையைக் கிழித்தபோது, சங்கத்து மீனவர் செல்வம் போனில் அதைத்தான் திறந்திருக்கிறார்.

இன்று என் கடைக்கு வந்த செல்வம் என் கழுத்தைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். கணினித் திரையைத் தூக்கி நிலத்தில் அடித்தார்.

"ரத்தம் சீறேக்க உன்ர கட்டுரையை முழுக்க வாசிக்கிறதோ? எங்க கட்டுறது எண்டு தேடத் தேடத் தம்பி என்ர மடியிலயே போயிட்டான்!"

பொலிசுக்குச் சொல்வோமா என்று மனைவி கேட்டாள்.

"ஏலாது, வேண்டாம்," என்றேன்.

உதடு இன்னும் கசிகிறது. அவளுடைய மடிக்கணினியில் பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் 'இரத்தம் பாய்ந்தால்' என்று போட்டு, கட்டும் முறையை அதன் கீழே நகர்த்தினேன். அடுத்து 'மூச்சு நின்றால்' என்று அடித்தேன். அதற்குக் கீழே ஒரு வரியைக்கூட நகர்த்த முடியவில்லை.